லேப்டாப் எழுந்தருளும் நேரம்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன புண்ணியவான் சின்ன காஞ்சிபுரத்தில் மண்டபம் எடுத்துப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் வீட்டை விட்டுவிட்டு மண்டபத்தைத்தான் சேர்த்திருப்பான்.

ஓரிக்கை ராமராஜனுக்கு அந்த ஞானம் மகள் கல்யாணத்தில் வந்தது. ராமராஜன் தண்ணீர் கேன் போடுகிறவர். ஸ்ரீ சுபமங்கள மகால் பரிபாலன சபையின் கல்யாண மண்டபத்துக்குப் பல வருஷமாக அவர் வண்டிதான். அந்த மண்டபத்தின் சமையற்கட்டு வாசல் அவருக்கு அத்துப்படி. முன்வாசல் வழியாக மட்டும் உள்ளே போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை. சபைக்காரர்கள் யாரிடமும் எதையும் கூடாது என்று சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர்கள்.

மகள் சுகாசினி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் ஏதோ ஒரு பாகம் பொருத்துகிறாள். மாப்பிள்ளைக்கு ஊர் மாகறல், பெயர் தனுஷ். வைகாசியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. நகை நட்டு, சேலை என்று எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மண்டபம் மட்டும் அதுதான் வேணும்பா. சின்னப் புள்ளையா உன் வண்டியில குந்திக்கினு பின்னாலயே பாத்துக்கினு இருந்தேன். ஒருவாட்டி முன்னால போய்ப் பாக்கணும்."

கேட்டது நியாயம்தான். மண்டபத்துப் பெயர்ப்பலகையிலும் 'அனைத்துச் சமூகத்தினருக்கும்' என்று பச்சை வண்ணத்தில் புதிதாக எழுதியிருந்தார்கள். அதை எழுதிய அதே வருஷம்தான் சபைக்கு லேப்டாப்பும் வந்தது, இனி முன்பதிவெல்லாம் அதில்தான் என்ற விதியும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று சபை சொல்கிறது. பெரியவர்கள் சொல்வதை நாமும் நம்பிவைப்போம்.

முன்பதிவு அறை தெருவோரத்தில் தனியாக இருந்தது. மரப்பீடத்தின் மேல் லேப்டாப், அதன் மேல் அரக்கு நிறத்தில் பட்டுத் துண்டு. நாலு மூலையிலும் சந்தனம் இட்டிருந்தார்கள். கேமரா ஓட்டையின் மேல் குங்குமம் வைத்து வைத்து அது பல நாளாகக் கண்ணை மூடியிருந்தது. அதை இயக்குகிறவள் ஸிந்துஜா, படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண். அவள் துண்டை விலக்கினாள்.

"எழுந்து நில்லுங்கோ அண்ணா, ஆன் பண்ணப் போறேன்."

"எதுக்குமா நிக்கணும்?"

"ப்ரோட்டோகால் அண்ணா. வாழ்த்துரை முடியற வரைக்கும் கைகூப்பி ஸ்க்ரீனைப் பார்த்தே நிக்கணும். முதுகைக் காட்டப்படாது, பேசப்படாது."

ராமராஜன் கைகூப்பி நின்றார். முதலில் சபையின் ஸ்தாபகர் தோன்றினார், முழு சுலோகத்தோடு. பிறகு இதுவரை இருந்த அறங்காவலர்கள் ஒவ்வொருவராக வந்து வாழ்த்தினார்கள். காலமானவர்களின் உரை சுருங்கும் என்று ராமராஜன் நினைத்தார். அது நீண்டது. படத்துக்கு மாலை போட்டுக் குடும்பத்தாரின் இரங்கலையும் சேர்த்திருந்தார்கள். செத்தவரை எடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் அந்த வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் வந்தார்கள் இப்போதைய அறங்காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் வடக்கு மாட வீதி, மற்றவர் தெற்கு மாட வீதி. யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு இந்த இரண்டு வீதிக்கும் லேப்டாப் வருவதற்கு முன்னால், ஏன், கரண்டு வருவதற்கு முன்னாலிருந்தே உண்டு. யாருடைய வாழ்த்துரை முதலில் ஓடுவது என்று பல கூட்டம் போட்டுக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திரையை நெட்டுக்கு வகிர்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது. முதலும் கிடையாது, இரண்டாவதும் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து பேசியதில் ஒருவர் சொன்னதும் புரியவில்லை, ஆனால் நீதி கிடைத்தது.

லேப்டாப்தான் பாவம், தாங்கவில்லை. நட்டநடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வடக்கு வீதி வாயைத் திறந்தபடி நின்றார், தெற்கு வீதி கையைத் தூக்கியபடி நின்றார். ஒருவர் மற்றவரைவிட ஒரு வார்த்தை முந்திவிட்டால் அன்றைய ஆரம்பமே செல்லாது, ஸ்தாபகரிடமிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கிக்கொண்டிருக்கும்போதே ராகுகாலம் வந்தது. ராகுகாலத்தில் திரை திறந்தால் சபைக்கு ஆகாது என்று ஸிந்துஜா லேப்டாப்பை அணைத்துத் துண்டைப் போர்த்தினாள்.

ராமராஜன் மறுநாள் வந்தார். அன்று வீதியில் சுவாமி புறப்பாடு, அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அதற்கு மறுநாள் வாழ்த்துரை எல்லாம் தாண்டி முன்பதிவுப் பக்கமே வந்துவிட்டது. ராமராஜன் மகள் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், நெடுநேரமாக யாரும் தொடவில்லை என்று சொல்லி அது தானே வெளியே போய்விட்டது. அது திறப்பதற்காகத்தான் அவர் அவ்வளவு நேரமும் தொடாமல் நின்றார் என்பதை அதற்கு யார் சொல்வது?

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் முரளீதரன் ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபமே வராத மனிதர்.

"சார், ஒரு பேப்பர்ல என் பேரை எழுதி வெச்சுக்கோங்க சார். அது எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும்."

"ராமராஜா, நீ வெள்ளந்தி, தெரியாமக் கேக்கறே. கையால எழுதினா என்ன ஆகும்? வேண்டியவா, வேண்டாதவான்னு பேச்சு வரும். வெளிப்படைத்தன்மைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணி..."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. "சொல்லுங்கோ அம்ருதவல்லி மாமி. சீமந்தமா? பேஷா. எப்போ? ஆஹா, போட்டாச்சு." காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு சுழி சுழித்தார்.

ராமராஜன் காலண்டரைப் பார்த்தார்.

"அது பதிவு இல்லைப்பா, குறிப்பு," என்றார் முரளீதரன், சங்கடமே இல்லாமல். "உன் தேதி காலியாத்தான் இருக்கு. லோடானதும் முதல் வேலையா உன்னுதுதான். உனக்கு இல்லாமயா? போய் ஆக வேண்டியதைப் பாரு."

பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவரின் வாய். நம்பாமல் இருக்க முடியுமா? அச்சாபீஸ்காரன் வேறு, கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துப் பெயருக்கு இடம் விட்டுவிட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். மாகறல் சம்பந்தி தினமும் போன் போட்டு "மண்டபம் முடிஞ்சுதா?" என்றார். மற்ற மண்டபங்கள் ஒவ்வொன்றாக வைகாசிக்கு நிறைந்தன. ராமராஜன் துணிந்து சபை மண்டபத்தின் பெயரைப் போட்டுப் பத்திரிகை அடித்தார். கலையரசி, அவருடைய மனைவி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து ஓரிக்கை பூராவும், தென்னேரி வரைக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் சபை சும்மா இருந்துவிடவில்லை. லேப்டாப்பின் தாமதத்தை ஆராய ஒரு குழு அமைத்து, 'பயனாளி பிரதிநிதி' என்று ராமராஜனையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓரமாக நிற்க இடம் கொடுத்தார்கள். முரளீதரனின் அக்கா பிள்ளை அச்சுத், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன், ஆலோசகராக வந்திருந்தான். அவன் லேப்டாப்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மிஷின்ல தப்பே இல்லை. ஆன் பண்ணினதும் ஓடற வீடியோவையெல்லாம் எடுத்துட்டா, இதுவே பறக்கும். புதுசு வாங்கவே வேண்டாம்."

வடக்கு வீதியும் தெற்கு வீதியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். சரித்திரத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான். அச்சுத் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான்.

"எடுக்கணும்னு சொல்லலை. அப்படி எடுக்கற வழக்கமும் சில ஊர்ல இருக்குன்னு சொல்ல வந்தேன்."

வடக்கு வீதி அறங்காவலர் எழுந்தார். "எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. முன்னெல்லாம் கண்டவாளும் வந்து மண்டபம் கேட்டா, நாம ஒரு காரணம் யோசிக்கணும். சுண்ணாம்பு அடிக்கறோம், மோட்டார் ரிப்பேர், ஏதாவது ஒண்ணு. நாக்கு கூசும். இந்த லேப்டாப் வந்த அப்புறம் நான் ஒரு பொய் சொன்னதில்லை. வட்டம் சுத்தறது, பார்க்கறா, அவாளே போயிடறா. யார் மனசும் புண்படலை. இது நமக்குப் பண்ணியிருக்கற உபகாரத்தை நாம மறக்கப்படாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். தெற்கு வீதி அறங்காவலர் இருமிக்கொண்டார். "உபகாரம் வாஸ்தவம். ஆனா, வட்டம் சுத்த ஆரம்பிக்கறச்சே என் முகம் கோணலா நிக்கறது, உம்ம முகம் நேரா நிக்கறது. இந்தப் பாரபட்சம் இருக்கறவரைக்கும் நான் சும்மா இருக்க மாட்டேன். புது லேப்டாப் வாங்கியே ஆகணும்."

"வாங்கினா வேகம் வந்துடுமே ஓய். வேகம் வந்துட்டா யார் வேணா வந்து புக் பண்ணிண்டு போயிடுவா." வடக்கு வீதியின் கண் அப்போதுதான் ஓரமாக நின்ற ராமராஜன் மேல் விழுந்தது. "உன்னைச் சொல்லலைப்பா. நீ நம்ம மனுஷன். எத்தனை வருஷமாத் தண்ணி போடறே."

ராமராஜனுக்கு முகம் சுட்டது. நம்ம மனுஷன் என்றால் ஏன் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று விழுங்கிக்கொண்டார். முரளீதரன் அதற்குள் 'பயனாளி திருப்தி தெரிவித்தார்' என்று தீர்மானத்தில் எழுதிவிட்டார்.

கடைசியில் அச்சுத்தே வழி சொன்னான். புது லேப்டாப் வாங்குவது. பழையதில் இருப்பதை ஒரு எழுத்துக் குறையாமல் அதில் ஏற்றுவது. வேகம் மிஞ்சினால், அறங்காவலர்கள் இருவரின் தகப்பனார்களையும் வாழ்த்தச் சேர்த்துக்கொள்வது. வடக்கு வீதிக்குத் தகப்பனார் வந்ததில் சந்தோஷம், தெற்கு வீதிக்கு முகம் நேராவதில் சந்தோஷம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பகோடா வந்தது, ராமராஜனுக்கும் ஒரு பொட்டலம் வெளியே கொடுத்தனுப்பினார்கள்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது முரளீதரனிடமிருந்து போன் வந்தது.

"ராமராஜா, வைகாசி முகூர்த்தத்தன்னிக்கு மண்டபத்துக்குத் தண்ணி வேணும். நிறைய வேணும்."

ராமராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. "லோடாயிருச்சா சார்? ரொம்ப நன்றி சார். தண்ணி நான் போட மாட்டேனா, என் பொண்ணு கல்யாணத்துக்கு..."

"உன் பொண்ணு கல்யாணமா? அன்னிக்கா? இல்லைப்பா. அன்னிக்கு லேப்டாப் பிரதிஷ்டை. நல்ல முகூர்த்தமாப் பார்த்து வெச்சிருக்கு. நாயனம், வாழைமரம், சாப்பாடு எல்லாம் உண்டு."

"சார், அந்தத் தேதியத்தான சார் உங்க கையில அத்தினி வாட்டி சொன்னேன்."

"சொன்னே. வாயால சொன்னே. பதிவு இல்லையே."

"லேப்டாப்புக்குப் பதிவு இருக்குதா சார்?"

முரளீதரன் கோபமே வராத மனிதர் என்று சொன்னேன் அல்லவா? சிரித்தார். "அது பென்சில்ல போட்டது. சரி, வருத்தப்படாதே. இன்னொரு ஒத்தாசை. வடக்கு வீதிக்காரா தெற்கு வீதிக்காரா பக்கத்துல உக்கார மாட்டா, அவா இவா பக்கத்துல வர மாட்டா. நாற்காலியெல்லாம் காலியாக் கிடந்தா போட்டோல நன்னா இருக்காது. உங்க பக்கத்து ஜனங்களைக் கொஞ்சம் கூட்டிண்டு வா. நல்லதா உடுத்திண்டு வரச் சொல்லு. முன்வாசல் வழியாவே வரட்டும், போட்டோக்காரர் அங்கதான் நிக்கறார்."

வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. கலையரசி பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"தென்னேரிலேர்ந்து ஜனம் வண்டி கட்டிக்கினு வந்து அந்த வாசல்ல நிக்கும். நான் இன்னா பதில் சொல்றது? லேப்டாப்புக்குக் கல்யாணம், நீங்க தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னா? அந்தாளு உனக்கு வாத்தியாராய்யா? அவரு சொன்னாருன்னு பத்திரிகை அடிச்சியே, உனக்கு அறிவு வேணாம்?"

ராமராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்ட பெண். சுகாசினி அழுவாள் என்று நினைத்தார். அவளோ கம்பெனியில் பாகம் பொருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அன்னிக்கு வாழைமரம் கட்றாங்களாப்பா?"

"கட்றாங்க."

"மேளம்?"

"சொல்லிட்டாங்களாம்."

"நம்ம ஜனம் முன்வாசல்ல வரலாம்னு அவரே சொன்னாரா?"

"ஆமாமா. கூட்டம் காட்டணுமாம்."

"அந்த மிஷின ஆன் பண்ணா, அதும் மூஞ்சியப் பாத்துக்கினு கைகூப்பி நிக்கணும், யாரும் திரும்பக் கூடாது, பேசக் கூடாது, அப்டித்தான? அது எந்திரிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"அத ஏம்மா கேக்குற?" என்றார் ராமராஜன் வெறுத்துப்போய். "அதுக்குள்ளாற ஒரு கல்யாணமே முடிச்சிரலாம்."

சொன்னவர் வாயை மூடவில்லை. கலையரசி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த முந்தானையை அப்படியே விட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகாசினி எழுந்து போய் மாகறலுக்குப் போன் போட்டாள்.

முகூர்த்த நாளன்று சபை மண்டபம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. மேடையில் பூச்சரம் தொங்கவிட்டு, நடுவில் வெள்ளிப் பூண் போட்ட பீடத்தில் புது லேப்டாப் எழுந்தருளியிருந்தது. முரளீதரன் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். ஓரிக்கையும் மாகறலும் தென்னேரியும் பட்டுடுத்திப் பூ வைத்து முன்வாசல் வழியாக வந்துகொண்டே இருந்தன. அவர் எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தார். மாலையும் கழுத்துமாக வந்த தனுஷ் மேல் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தார்.

"லேப்டாப்புக்கு மாலை கொண்டுவந்திருக்கியா? ரொம்ப சந்தோஷம். போப்பா, மேடைக்குப் பக்கத்துல போ."

சுகாசினி முன்வாசல் படியில் கொஞ்சம் நின்றாள். உள்ளே தூண், பெரிய விளக்கு, தரையில் இழைக்கோலம். பின்னாலிருந்து பார்த்தபோது இதெல்லாம் தெரியாது. கலையரசி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்திய பிறகுதான் உள்ளே நடந்தாள்.

வடக்கு வீதியும் தெற்கு வீதியும் மேடையேறினார்கள். பொத்தானை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதால் அச்சுத் அவர்கள் விரல்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வைத்து அழுத்தினான். ஸ்தாபகர் தோன்றினார். சபையார் மொத்தப் பேரும் கைகூப்பித் திரையைப் பார்த்து நின்றார்கள், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி. ராமராஜன் கண்ணைக் காட்டினார்.

மேடைக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். மாகறல் பூசாரி தாலித் தட்டைக் கூட்டத்துக்குள் நீட்டினார். அது கை மாறிக் கை மாறி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மேடையில் காலமான அறங்காவலர்கள்தான் பாதி முடிந்திருந்தார்கள். மாலை மாற்றினார்கள். தகப்பனார்கள் இரண்டு பேரும் திரையில் வந்து ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அறங்காவலர்கள் இருவரும், யாருடைய தகப்பனார் முந்துகிறார் என்று கண் இமைக்காமல் பார்த்தார்கள். பின்னால் இடி விழுந்தாலும் அந்த நேரத்தில் யார் முதலில் திரும்புவது? திரும்பியவருக்கல்லவா முதல் மரியாதை கைநழுவிப் போய்விடும்?

புது லேப்டாப்பில் வட்டம் சுற்றத் தொடங்கியது. தனுஷ் தாலியை எடுத்தான். நாயனக்காரருக்கு எந்த விழா என்பது பற்றிக் கவலையில்லை, தாலி தெரிந்தால் கெட்டிமேளம். வாசித்துத் தள்ளிவிட்டார். ஸிந்துஜா மேடையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, லேப்டாப்புக்கு வைத்திருந்த அட்சதையில் ஒரு பிடி எடுத்து முதுகுப்பக்கமாக வீசினாள்.

"பேஷ், சரியான இடத்துல வாசிக்கறான்," என்று முரளீதரன் திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

முன்பதிவுப் பக்கம் திறந்து சபையார் திரும்பியபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப் பெயரைச் சொல்லி வைத்த பாயசம், ஏலக்காய் மணத்தோடு. வடக்கு வீதிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்துமீறல் இது. புகார் குடுக்கணும். முரளீதரா, எழுதும்."

"கையால எழுதறதை நிறுத்திட்டோமே," என்றார் முரளீதரன் பரிதாபமாக. "புகாரும் இதுலதான் போடணும். ஸிந்துஜா, அந்தப் பக்கத்தைத் திற."

ஸிந்துஜா திறந்தாள். "சுத்தறது மாமா," என்றாள் அடக்கமாக.

ராமராஜன் மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு மேடையேறினார். பகோடாவை வெளியே கொடுத்தனுப்பிய நாளிலிருந்து நெஞ்சில் நின்றது அவ்வளவும் அப்படியே இருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. இடுப்பிலிருந்து மண்டப வாடகையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இன்னிக்குத் தேதிக்கு எம் பொண்ணு பேரு பதிஞ்சுக்கோங்க."

முரளீதரன் திரையைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், மணப்பெண் கழுத்தைப் பார்த்தார். "பதிவு இல்லாமப் பணம் வாங்க வழியில்லைப்பா. இது லோடாயிண்டு..."

"அவசரமே இல்ல சார்." ராமராஜன் பணத்தை எடுத்து மடித்துத் திரும்ப இடுப்பில் செருகினார். "மெதுவா லோடாவட்டும். இன்னிக்கு விட்டுட்டு, இவளோட வளைகாப்புக்கே போட்டுருங்க. கணக்கு சரியா இருக்கும்."

சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் பக்கம் நடந்தார்.